ஒன்றே முக்கால் மணி நேரம்

டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட்டிங் கிளார்க்காகச் சேர்ந்து எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவையில் அப்போது விமானத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் மில் முதலாளிகளும் கம்பெனி அதிகாரிகளும்தான். அதனால், ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குத் துடியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பரிமளா அக்காவைப் பார்த்ததும், யாரிடமோ வழி கேட்க வந்தவர் என்றே நினைத்தேன்.

அவர் கணவர் சண்முகம், மில்களில் மெஷின் பொருத்தும் ஃபிட்டர். வேலைக்காகப் பம்பாய் போன இடத்தில் நெஞ்சுவலி. சாயங்காலம் நான்கு மணிக்கு ஆபரேஷன் என்று பக்கத்து வீட்டு போனில் தகவல் வந்திருந்தது.

"ஏனுங்க தம்பி, பம்பாய் எவ்வளவு தூரமுங்க? எத்தன நேரத்துல போயிரலாமுங்க?"

டைம்டேபிளைப் புரட்டினேன். "வான்வழியில ஆயிரம் கிலோமீட்டர் இருக்குமுங்க அக்கா. ஒண்ணே முக்கா மணி நேரந்தான். பன்னெண்டே காலுக்கு ஏறுனா ரெண்டு மணிக்குப் பம்பாய்ங்க."

மேனேஜரைக் கேட்காமல் நானே சொல்லிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

டிக்கெட் எழுதும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு எஸ்.டி.டி. போட்டுக் கொடுத்தேன். அங்கே நர்ஸ் சண்முகத்தைச் சக்கர நாற்காலியில் போனுக்கு அழைத்து வந்தார்.

"நீங்க பேசாதீங்க, மூச்சு வாங்குது. ரெண்டு மணிக்கெல்லாம் வந்துருவேனுங்க. என்னவா இருந்தாலும் நேர்ல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா ரிசீவரை வைத்தார். முகத்தில் தெளிவு வந்திருந்தது.

விமானம் சரியான நேரத்துக்கே போய் இறங்கியது. ஆனால் பெட்டி வர முக்கால் மணி நேரம். டாக்ஸிக்கு வரிசை. ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில், வழியெல்லாம் நெரிசல். அக்கா வார்டுக்குள் நுழைந்தபோது மணி நாலரை. சண்முகத்தை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அவர் கண் விழிக்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, கணவரின் கம்பெனியில் கேட்டார்கள் என்று டிக்கெட் நகல் வாங்க அக்கா வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"அக்கா, நான் பிளேன் நேரத்த மட்டும் சொல்லிப்போட்டேனுங்க."

"நீங்க சொன்னதுல தப்பில்லீங்க தம்பி. பிளேன் ரெண்டு மணிக்குத்தான் எறங்குச்சு." நகலை வாங்கிக்கொண்டார். "போன்ல என்னமோ சொல்ல வந்தாருங்க. நாந்தான் வெச்சுப்போட்டேன்."

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று கவுன்டரில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டைம்டேபிளில் இருப்பது விமானம் பறக்கும் நேரம். கேட்கிறவருக்கு வேண்டியது, வீட்டை விட்டுக் கிளம்பி அந்த வாசலில் போய் நிற்கிற நேரம். அதைக் கூட்டிச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்றால், நான் டிக்கெட் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் போனைத்தான் அவர் பக்கம் நகர்த்துவேன். "மொதல்ல நிதானமாப் பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை வெளியே போய் நின்றுகொள்வேன்.