மணப்பாட்டுக்குப் போகாத லாரி

மருமகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, கோவளம், வர்க்கலை, கோவா என்று வரிசையாகத் தள்ளிக் காட்டினாள். “எந்த பீச்சுன்னு நீங்களே சொல்லுங்கத்தை.” பாவம், நல்ல மனசோடுதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவள்மேல் இல்லை. இதே கேள்வியை அறுபதுகளில் சிவகாசியில் என் மாமனார் கேட்ட லட்சணம் ஞாபகம் வந்துவிட்டது.

பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில்தான் ஓய்வு. தீபாவளி லோடெல்லாம் போயிருக்கும். வெயிலில்லாமல் ஒரு திரியும் காயாது. ஊர் உலகமெல்லாம் கோடையில் கடலுக்குப் போனால், நாங்கள் புயலடிக்கிற கார்த்திகையில் போவோம். கம்பெனி லாரியில் பாய் விரித்து உட்காருவோம். அதில் கந்தக வாடை போகவே போகாது. புளியோதரையிலும் அதுதான் அடிக்கும். (கிண்டியது நான். வாடைமேல் பழிபோட வசதியாக இருந்தது.)

கிளம்புமுன் மாமனார் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, “எங்கன போகலாம்? ஆளுக்கொண்ணு சொல்லுங்க” என்பார். பெரிய ஜனநாயகம்! பிள்ளைகள் கன்னியாகுமரி என்பார்கள், என் வீட்டுக்காரர் தூத்துக்குடி என்பார். அத்தனையும் கேட்டுவிட்டு, “சரி, திருச்செந்தூர்” என்று எழுந்துபோவார். வருஷா வருஷம் இதே கூத்து. முருகன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அங்கே போனால் மொட்டை, காதுகுத்து, வந்து சேரும் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சோறு. நானும் என் மூத்த ஓரகத்தி செல்லத்தாயக்காவும் சத்திரத்தில் அண்டா கழுவிக்கொண்டிருப்போம். அலைச்சத்தம் மட்டும் கேட்கும். பிறந்த ஊரான காரியாபட்டிக் கண்மாயைத் தவிர வேறு தண்ணீரை அறியாத எனக்கு அதுவே பெரிசு. அக்காவுக்குப் போதவில்லை.

ஒரு வருஷம் அவள் வாயைத் திறந்தாள்.

“மணப்பாடு போவோம் மாமா.” திருச்செந்தூருக்குத் தெற்கே, சர்ச் இருக்கிற மீனவர் ஊர். கருப்பட்டி கொண்டுவருகிறவர் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

“அங்கன என்ன இருக்கு?”

“நமக்கு ஒண்ணுமில்ல. கடலு மட்டுந்தான்.”

“கோயிலில்லா ஊர்ல குடியிருக்க வேண்டாம்னு சொல்லுவாக.”

“குடியிருக்கவா போறோம்? ஒரு பொழுது சும்மா ஒக்காந்துட்டு வாறோம்.”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மாமனார் சிரிக்கவில்லை. “வீட்டுக்கு ஆளு வேணும்ல? நீ இங்கனயே இரு” என்றார். லாரி திருச்செந்தூர் போனது. அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் வீட்டுக்குக் காவல் அக்காதான். அவள் புருஷன், அவ்வளவு பெரிய ஆம்பிளை, முன்சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு வந்தார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டது அத்தனை பெரிய குற்றமா?

அந்த லாரி இல்லை. கூட்டுக்குடும்பம் இல்லை. வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். மாமனாருக்குப் பிறகு செல்லத்தாயக்காவும் போய்விட்டாள், கடலில் கால் நனைக்காமலே. அவள் அஸ்தியைக் கரைக்கப் புருஷன்தான் ராமேஸ்வரம் கொண்டுபோனார். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “கூட்டமே இல்ல. நல்ல தரிசனம்.”