ஏழாம் நம்பர்ச் சட்டை

உடுப்புகளுக்குப் பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். துணி எங்கே நெய்தது, யார் தைத்தது, எத்தனை தரம் தோய்த்து அலசினாலும் தாங்கும், கடைசியில் அதற்கு என்ன நடந்தது என்றெல்லாம் சொன்னால்தான் இனி ஐரோப்பாவுக்கு அனுப்பலாமாம். முருங்கன் சந்தியில் பஸ்ஸுக்குப் பஸ் ஏறிச் சட்டைத்துணி விற்றவள் நான். வாயும் கோபமும்தான் என் படிப்பு. இப்போது சின்னத் தையல்காரருக்கும் கொழும்பு ஏற்றுமதிக் கம்பனியின் கந்தோருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிறேன். இதே வேலையில் தலையைக் கொடுத்தவர்கள் நான் சொல்வதை நம்புவீர்கள். மற்றவர்கள் பாதியை நம்பினால் போதும்.

தோய்க்காத உடுப்பு

முருங்கனில் ஒரு தையல்காரர். சவப்பெட்டிக் கடைக்குப் பக்கத்துக் கடை. வெள்ளைச் சட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. தையல் என்றால் அப்படியொரு தையல். இவரைப் பிடித்தால் கொழும்பில் நல்ல விலை பேசலாம் என்று உள்ளே ஏறினேன். "ஐயா, உங்கட சட்டை எத்தனை தோய்ப்புத் தாங்கும்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு சட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். முதுகுப் பக்கம் துணியே இல்லை, இரண்டு நாடா மட்டும். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் அவர் அளவு நாடாவைக் கையில் சுற்றியபடி என் தோளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்: "தோய்க்கவெண்டு ஆரும் திருப்பிக் கொண்டு வந்ததில்லை, பிள்ளை."

பத்துப் பேருக்குப் பத்துச் சட்டை

றெஜினா பள்ளிமுனையில் நாலு பெண்களை வைத்துத் தைக்கிறவள். ஓடர் தருமுன் கொழும்புக் கந்தோர் அவளுக்கு ஒரு பரீட்சை வைத்தது. பத்துச் சட்டை தைத்துப் பத்துப் பேருக்கு உடுத்தக் கொடுக்கவேண்டும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கறுப்புச் சதுரக் குறி. போனை அதில் பிடித்தால் துணியின் விவரமும் தோய்க்கிற முறையும் வரும். அந்த நேரமே எந்தச் சட்டை, எந்த இடம் என்று என் போன் கிணுங்கும். சோளகக் காற்றுக் காலம் முடிகிறபோது பத்துச் சட்டைக்கும் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். ஒன்று விடுபட்டாலும் ஓடர் இல்லை.

ஏழாம் நம்பரைத் தன் புருஷன் டெனிசுக்கே போட்டுவிட்டாள். கடற்றொழில் செய்கிறவன், எதற்கும் சிரிக்கிறவன். குறியில் போனைப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தேன். தோய்க்கிற முறையை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். "கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் ஒரு கைலேஞ்சிகூடத் தோய்ச்சதில்லை. இதை வாசிச்சு என்னக்கா செய்ய?"

வெறும் கட்டம்

அந்தச் சோளகத்தில் ஒரு நாள் டெனிஸ் திரும்பி வரவில்லை. படகு கிடைத்தது. கவிழவில்லை, வலை மடித்தபடியே கிடந்தது. அவன் இல்லை, சட்டையும் போனும் அவனோடு போயிருந்தன. நினைவுத் திருப்பலி வைப்போம் என்று உறவுக்காரர் கேட்டார்கள். றெஜினா சம்மதிக்கவில்லை.

தவணை முடிந்தது. ஒன்பது சட்டைக்குக் கணக்கு வந்துவிட்டது, ஏழாம் கட்டம் மட்டும் வெறுமை. "நாளைக்குள்ள நிரப்புங்கோ அக்கா, இல்லாட்டி ஓடரை வேற ஆக்களுக்குக் குடுக்கிறம்" என்றான் கொழும்புக் கந்தோர்த் தம்பி. மறுநாள் காலையிலேயே றெஜினாவிடம் போய் நின்று கத்தினேன். "கிழிஞ்சு போச்செண்டு எழுதடி! உன்னை நம்பி நாலு குடும்பம் இருக்கு!" நாலு மெசினும் நின்றன. றெஜினா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கிழியாதக்கா. கமக்கட்டில இரட்டைத் தையல் போட்டனான்."

திட்டி

கோபத்தோடு பஸ் ஏறினேன். பாலம் தாண்டும்போது போன் கிணுங்கியது. ஏழாம் நம்பர்.

இடம் தலைமன்னாருக்கு அப்பால், கடல் நடுவில் ஒரு மணல் திட்டி. கந்தோர்த் தம்பிக்குப் போன் எடுத்தேன். சிக்னல் சில நேரம் இடம் மாறிக் காட்டும், இல்லாவிட்டால் இந்தியப் படகுக்காரர் யாராவது சட்டையைக் கண்டெடுத்திருப்பார்கள் என்றான். நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் இறங்கி அடுத்த பஸ்ஸில் தலைமன்னாருக்குப் போனேன். திட்டிப் பக்கம் தொழிலுக்குப் போகிற ஒருவரிடம் போனில் அந்த இடத்தைக் காட்டினேன். போனைப் பார்த்தார். "அந்தத் திட்டி இந்த மாசம் தண்ணிக்குள்ளயெல்லோ, தங்கச்சி."

தோய்க்கிற முறை

பொழுது சாய றெஜினா வீட்டுக்குப் போனேன். ஏழாம் நம்பர் கிணுங்கிய இடத்தைத் திறந்து போனைக் கையில் கொடுத்தேன். "அந்தக் குறியில பிடிச்சா என்னக்கா வரும்?" என்று கேட்டாள். திறந்து காட்டினேன். 'தூய பருத்தி. தைத்தவர்: றெஜினா. நல்ல தண்ணீரில் தோய்க்கவும். நிழலில் காயவிடவும்.' நல்ல தண்ணீர் என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

அங்கேயே நின்று போனில் தம்பியைப் பிடித்தேன். "குறி வாசிக்கப்பட்டா அந்தச் சட்டை பாவனையில, புழக்கத்தில இருக்கு. உங்கட விதிதானே? இண்டைக்குக் காலையில வாசிச்சிருக்கு. 'பாவனையில்' எண்டு போடுறன். ஏலாதெண்டா முதல்ல உங்கட விதியைக் கிழியுங்கோ!"

"ஆர் அக்கா பாவிக்கிறது?"

"அதைக் கேக்க உங்கட படிவத்தில கட்டம் இருக்கோ?"

இழுத்தான், முனகினான், கடைசியில் ஏற்றுக்கொண்டான். ஓடர் வந்தது என்று சொன்னதும் நாலு பெண்களும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். நான் எழும்பும்போது றெஜினா என் கையைப் பிடித்தாள். "அக்கா, ஏழாம் நம்பருக்கு மட்டும் தோய்க்கிற முறையை மாத்தி எழுதுங்கோ. 'நீங்கள் தோய்க்க வேண்டாம், வீட்ட கொண்டு வாங்கோ.'"

மாற்றி எழுதிய பிறகு என் போன் இரண்டு தரம் கிணுங்கியிருக்கிறது, முதலில் வழியில் இருக்கிற பேசாலைக்கு நேரே கடலில், பிறகு பள்ளிமுனைக்கு இன்னும் கிட்ட; ஆகையால் என் தொழில்காரரே, லேபிளில் எழுதுவதை யோசித்து எழுதுங்கள், சிலர் அதை வாசித்து அப்படியே செய்கிறார்கள்.