புளியறை வரை ஏழு புள்ளிகள்

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குத் தென்காசியில் இறங்கினேன். சாரல். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. சென்னையில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்: முதலில் குற்றாலத்தில் குளியல், பிறகு பாவூர்சத்திரத்தில் இசக்கியைப் பார்ப்பது, சாயங்காலம் இதே ரயிலில் திரும்புவது. ஸ்டேஷன் வாசலில் நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு சிவப்புத் துண்டு வாங்கினேன். ஒரு குளியலுக்கு நான் செய்த முன்னேற்பாடு அவ்வளவுதான்.

குற்றாலம் ஆறு கிலோமீட்டர். எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மெயின் அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் தடை என்றார்கள். என்னைப் போலப் பல நூறு பேர் துண்டோடு நின்று அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சாவு வீட்டு வாசலில் நிற்பவர்களைப்போல. பன்னிரண்டு ரூபாய்க்கு டீ குடித்தேன். கிளாஸில் மழை விழுந்து டீ குறையவே இல்லை. அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த லாபம்.

இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் என் பெஞ்சு. இருபத்து மூன்று வருடமாகப் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு புளியறை வழியாகக் கேரளாவுக்கு டெம்போ ஓட்டுகிறான். எங்கள் வகுப்புக்காரர்கள் பதினோரு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு, லோடு ஏறுகிற நேரத்தில், இசக்கி ஒரு வினாடி வினா போடுவான். காய்கறிச் சீட்டின் பின்பக்கம் நம் வட்டாரத்தின் படத்தைக் கையால் வரைந்து, ஊர்ப் பெயர் எதுவும் எழுதாமல், ஒரே ஒரு புள்ளி வைப்பான். கீழே, ‘இது எந்த ஊர்?’ அவன் படத்தில் வடக்கு மேலே இருக்காது. மலைதான் மேலே இருக்கும். வண்டிக் கண்ணாடி வழியாக அவனுக்கு எப்போதும் எதிரே தெரிவது அதுதானே.

நானோ, போனில் வரும் வெற்று வரைபடப் போட்டிகளில் ஆப்பிரிக்காவின் அத்தனை நாடுகளையும் தப்பில்லாமல் தொடுகிறவன். இதனால் என் வீட்டில் எனக்குக் கூடுதலாக ஒரு தோசைகூடக் கிடைத்ததில்லை. ஆனால் இசக்கியின் போட்டியில் பெரும்பாலும் நான்தான் முதல். எப்படி என்றால், அவன் படத்தைக் கால்வட்டம் திருப்பி, செயற்கைக்கோள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, யோசித்துக் கண்டுபிடித்தவன்போல விடை போடுவேன்.

இரண்டு மாதமாக அவன் புள்ளிகள் நகர ஆரம்பித்தன. ஒரு நாள் அச்சன்புதூர் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்திருந்தது. ‘அச்சன்புதூர் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறது, மாதக் கடைசியில் திரும்பிவிடும்’ என்று எழுதினேன். குழுவே சிரித்தது. இசக்கியும் ஒரு கட்டைவிரல் போட்டான். அதற்குப் பிறகு தினமும் ஒரு கேலி எழுதினேன். போன வாரம் அவன் குரல் செய்தி அனுப்பியிருந்தான்: வெள்ளிக்கிழமை புளியறையில் வைத்து வண்டியை ஒருத்தருக்குக் கொடுக்கிறேன், நீ கூட வா. பெரிய வண்டி வாங்கப் போகிறான் என்று நினைத்து வாழ்த்துச் சொன்னேன்.

பத்தேமுக்காலுக்குப் பாவூர்சத்திரம் போய்ச் சேர்ந்தேன். சந்தைக்குப் பின்தெருவில் இசக்கி வீட்டு வாசலில் டெம்போ கழுவி நின்றது. பக்கத்தில் அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நான் பேசாமல் முன்னால் போய் நின்றேன். அவன் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு, “யாரது?” என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். “மெட்ராஸ் கலெக்டர்” என்றேன்.

“வாலே” என்று கையை நீட்டினான். அந்தக் கை எனக்கு அரை அடி இடப்பக்கமாக நீண்டது.

சர்க்கரை. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்துவிட்டதாம். திருநெல்வேலியில் இரண்டு முறை ஊசி போட்டும் இடது கண் போய்விட்டது. வலது கண்ணை அவன் தொழில் பாஷையில் சொன்னான்: சாரலில் ஓடுகிற வண்டிக் கண்ணாடி, ஆனால் வைப்பர் இல்லை. இரண்டு மாதமாகப் படத்தை மனக்கணக்கில்தான் வரைந்திருக்கிறான். புள்ளி எங்கே விழுந்தது என்று அவனுக்கே தெரியாது. நான் எழுதிய கேலிகளை எல்லாம் மனைவி வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

அருவி எனக்குத் தர மறுத்த தண்ணீர் மொத்தமும் அப்போது என் முகத்தில் அடித்தமாதிரி இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். ஓட்டியது, இரண்டு மாதமாக அவனுக்குப் பதிலாக வண்டி எடுக்கும் மச்சினன் முருகன். நான் சன்னல் ஓரம், இசக்கி நடுவில். வண்டி நகரும் முன்பே அவன் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

“வண்டியக் குடுத்துரலாம். அதோட ரோட்டையும் சேத்துக் குடுத்துட்டனான்னு பாக்கணும். நான் எடத்தச் சொல்லுதேன், நீ சரியா தப்பான்னு சொல்லு. நீதானல கோல்டு மெடலு.”

அரைக்கண் தெரிந்தால் கள்ள ஆட்டம் ஆகிவிடும் என்று, என் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த சிவப்புத் துண்டை வாங்கிக் கண்ணில் கட்டிக்கொண்டான். குற்றாலத்தில் நனையாத துண்டு. புளியறை இருபத்தைந்து கிலோமீட்டர்.

முதல் புள்ளி செங்கல் சூளை வளைவு. வண்டி சாய்ந்ததும் சொன்னான். சரி. அடுத்தது தென்காசி பஸ் ஸ்டாண்ட். அதை யாரும் சொல்லலாம், அங்கே ஹார்ன் அடிக்காத டிரைவர் கிடையாது. கோயில் பக்கம் பூக்கடை வாசனையில் மூன்றாவது. பாலத்தில் ஏறியதும் டயர்ச் சத்தம் மாறியது, நான்காவது. அதன்பின் ஒரு வேகத்தடை. அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. “இங்கன இடது பக்கம் ஒரு வேம்பு நிக்கும், அதுல பஞ்சர் கடை போர்டு தொங்கும்” என்றான். நின்றது, தொங்கியது. ஆறாவது இலஞ்சி. எப்படிடா என்று கேட்டேன். வயல் காற்று வலது கன்னத்தில் பட்டதாம். நான் இலஞ்சியை மேலேயிருந்து பச்சைக் கட்டங்களாக ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அதற்குக் காற்று உண்டு என்று எந்தச் செயற்கைக்கோளும் எனக்குச் சொல்லவில்லை.

ஆறுக்கு ஆறு. முருகன்கூடச் சிரித்துவிட்டான்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். பிரானூர் வந்தது. இரண்டு பக்கமும் மரவாடிகள், வாள் மெஷின் சத்தம், ஈர மரத்தூள் வாசனை. செங்கோட்டை இன்னும் வரவில்லை. இசக்கி தலையை நிமிர்த்தி, “செங்கோட்டை தாண்டியாச்சு. கட்டளைகுடியிருப்பு” என்றான்.

முருகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு மாதம் புள்ளி நகர்ந்ததற்குச் சிரித்தவன் நான். இன்றைக்காவது மனுஷனாக இருப்போம் என்று தோன்றியது.

“சரி” என்றேன்.

“நல்லாப் பாத்துச் சொல்லுலே.”

“சரிதாம்லே.”

அவன் துண்டை அவிழ்த்தான். நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டான். அதன்பிறகு எந்த ஊரையும் சொல்லவில்லை. செங்கோட்டை வந்து போனது. உண்மையான கட்டளைகுடியிருப்பும் வந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

“மரம் அறுக்குத சத்தம் காதுக்குள்ள கேக்கு, எனக்கு செங்கோட்டை எங்கன்னு தெரியாதால? வேணும்னுதான் தப்பாச் சொன்னேன். நீ என்ன சொல்லுதன்னு பாக்க.”

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நீ கேலி எழுதுவ, வீட்டுல அவ வாசிப்பா, நான் சிரிப்பேன். ஒருத்தனாவது நம்மள ஆளா மதிச்சு வம்புக்கு வாரான்னு இருந்துச்சு. இப்ப மார்க்குல பிச்ச போடுத. அப்ப நீயும் முடிவு பண்ணிட்ட, இவன் முடிஞ்சு போயிட்டான்னு.”

நான் இத்தனை நாள் செயற்கைக்கோளைப் பார்த்துத்தான் விடை எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்த நேரத்தில் என்னிடம் கொடுக்க அது ஒன்றுதான் இருந்தது.

“தெரியும்லே. நீ பதில் போட நாலு நிமிசம் ஆவும். ஊர்க்காரனுக்கு எதுக்கு நாலு நிமிசம்?”

ஒன்றேகாலுக்குப் புளியறை. சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வண்டி வாங்க வந்தவர் ஆரியங்காவுக்காரர், தயாராக நின்றிருந்தார். காகிதங்களில் முன்பே கையெழுத்து ஆகியிருந்ததால் சாவியைக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. அவர் இசக்கியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, “ஞான் நோக்கிக்கோளாம் அண்ணே” என்று, வண்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இசக்கி முன்பக்கக் கதவை ஒருமுறை தடவிப் பார்த்தான். டெம்போ மலைப்பக்கம் ஏறியது. அவன் காதைச் சாய்த்து நின்றான்.

“ரெண்டாவது கியர்ல இருக்கான்” என்றான். பிறகு, “மூணாவது. இந்த ஏத்தத்துல அவசரப்படுதான்.” அதன்பிறகு லாரிகளின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

பஸ்ஸில் திரும்பினோம். புரோட்டா சாப்பிடலாமா என்று பிரானூரில் கேட்டேன், வேண்டாம் என்றான். தென்காசியில் நான் இறங்கியபோது துண்டு அவன் மடியிலேயே இருந்தது. திருப்பிக் கேட்கவில்லை.

ஆறரை மணி ரயில். மழை வலுத்துவிட்டது. சென்னையில் பதினெட்டு வருடமாக ஒரே வீட்டிலிருந்து ஒரே அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். அந்த வழியில் கண்ணை மூடிக்கொண்டு எந்த இடத்தைச் சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். கூவத்தைச் சொல்லலாம். வேறு ஒன்றும் தேறவில்லை.

இசக்கிக்கு ஒரு வரி எழுதினேன். அவனால் வாசிக்க முடியாது என்பது உறைத்ததும் அழித்துவிட்டுக் குரலில் அனுப்பினேன். “பிரானூர்ல நீ சொன்னது தப்பு. ஏழுக்கு ஆறு. ஏமாத்தப் பாத்ததுக்குத் தனியா ஒரு மார்க் கட்.”

ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்று கிளம்பிய பிறகுதான் பதில் வந்தது.

“இப்ப நீ எங்கன இருக்க? கண்ண மூடிட்டுச் சொல்லு. போனப் பாக்காத.”

மூடினேன். தண்டவாளச் சத்தம். யாரோ பிரித்த எலுமிச்சைச் சாதம். மேல் படுக்கையில் ஒரு குழந்தை இருமியது. கடையநல்லூரா, சங்கரன்கோவிலா, அதற்கும் அப்பாலா? இந்த வழியில் வாழ்நாளில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பொறுக்காமல், பழைய புத்தியில், ஸ்டேஷன் போர்டு ஏதாவது தெரிகிறதா என்று அரைக்கண்ணைத் திறந்தேன்.

சன்னல் கண்ணாடி முழுக்க மழை வழிந்துகொண்டிருந்தது. வைப்பர் இல்லை.

“தெரியலலே” என்று சொல்லி அனுப்பினேன்.