வியன்னாவில் சாப்பிட ஓர் இடம்

வியன்னாவில் நல்ல காப்பி எங்கே கிடைக்கும், தனியாகப் போகிற பெண் எந்த மதுக்கடையில் பயமில்லாமல் உட்காரலாம், கைக்குழந்தையோடு போனால் எந்த உணவு விடுதியில் முகம் சுளிக்க மாட்டார்கள் என்றெல்லாம் கமருன்னிசாவிடம் கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவாள். ஆனால் வியன்னாவை அவள் கண்ணால் பார்த்ததில்லை. பர்மாவில், யாங்கோன் நகரத்து லான்மடாவில், எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில், என் எதிர்வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் இத்தனையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. அதை ஒளித்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் எனக்கு இல்லை.

"ஏண்டி கமரு, மதுக்கடை வாசலை மிதிக்காதவ நீ. எந்தக் கடையில பீர் நல்லாருக்குன்னு ஊருக்குச் சொல்றியாக்கும்?"

"நான் எங்க, தைலம்மாக்கா, குடிக்கச் சொன்னேன்? வழிதானே சொல்றேன்" என்று சிரிப்பாள்.

முன்பு அவள் எப்படி வேலை பார்த்தாள் என்று தெரிந்ததால்தான் எனக்கு இத்தனை எரிச்சல். பதினாறு வருஷம் ஜெர்மன் பேசும் பயணிகளுக்கு இந்த ஊரைச் சுற்றிக் காட்டியவள் அவள். புதிதாக ஒரு கடையைப் பற்றிக் கேள்விப்பட்டால் முதலில் தான் போய் மீன்குழம்பில் சேமியா போட்ட மொஹிங்கா ஒரு கிண்ணம் சாப்பிடுவாள். மறுநாள் வரை வயிறு ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயணிகளை அங்கே கூட்டிப் போவாள். கைகழுவ எங்கே தண்ணீர், மாடிக்கு எத்தனை படி, டாலாவுக்குப் போகும் படகில் எந்தப் பக்கம் வெயில் அடிக்காது, எல்லாம் நேரில் பார்த்து வைத்திருப்பாள். பன்றிக்கறி சுடும் கடை என்றால் என்னை அனுப்பிச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுவாள். அப்படிச் சாப்பிட்டுத்தான் நான் இப்படிப் பருத்தேன்.

பிறகு கொரோனா வந்தது. அது ஓய்வதற்குள் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பயணிகள் வருவது அடியோடு நின்றது. அவள் கணவர் ஜாபர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். மூன்று வருஷம் கையிலிருந்ததை வைத்து ஓட்டினாள். அப்போதுதான் இந்த வேலை வந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு நிறுவனம். வியன்னாவுக்குப் போகிறவர்கள் போனில் எழுதிக் கேட்பார்கள், இவள் ஜெர்மனில் பதில் எழுத வேண்டும். 'உங்கள் உள்ளூர்த் தோழி' என்று அந்தச் சேவைக்குப் பெயர். இவளுக்கு லேனா என்று ஒரு பெயரும் வைத்தார்கள். எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், இந்த ஊரில்தான் என்று சொல்ல வேண்டுமாம்.

"அது பொய்யில்லையா?" என்று கேட்டேன்.

"பொய்தான். என்ன செய்யச் சொல்றீங்க?" என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

வேலையை ஏனோதானோ என்று அவள் செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்த ஊர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, தெருப்பெயர்களை மனப்பாடம் செய்தாள். சாப்பிட்டவர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தாள். நாக்கால் செய்ய வேண்டிய வேலையைக் கண்ணால் செய்துகொண்டிருந்தாள்.

போன டிசம்பர் இருபத்துநாலாம் தேதி மாலை ஏழரை மணி இருக்கும். அங்கே பகல் இரண்டு மணி. கோன்ராட் என்று ஒரு பெரியவர் எழுதினார். எழுபத்தெட்டு வயது, சர்க்கரை நோய். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மனைவியோடு அந்த ஊருக்கு வருபவர். மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது, இந்தத் தடவை தனியாக வந்திருக்கிறார். முன்பெல்லாம் தங்குமிடத்திலேயே மனைவி சமைத்துவிடுவாராம், இந்த அறையில் அடுப்பு கிடையாது. ஆறு மணிக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு உடனே சாப்பிட்டாக வேண்டும். 'இன்று மாலை எல்லாக் கடைகளையும் மூடிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் உள்ளூர்க்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்கும்' என்று கேட்டிருந்தார்.

அப்போது நானும் அவள் வீட்டில்தான் இருந்தேன். அவள் மூன்று கடைகளின் பெயரை எழுதினாள். ஒன்றுக்கொன்று பக்கம், வயதானவருக்கு அதிக நடை இல்லை. வழக்கமான நேரத்தைப் பார்த்தால் மூன்றும் ராத்திரி பத்துவரை திறந்திருக்கும்.

"பண்டிகை நாளாச்சே, மூடியிருந்தா?" என்று கேட்டேன்.

"பண்டிகைன்னா கூடுதல் நேரம்ல தொறந்திருக்கும்? நீங்க ஒண்ணு!"

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்களுக்குத் தெரிந்த பண்டிகை அப்படித்தான். இந்த ஊரில் பௌர்ணமித் திருநாள் வந்தால் தெருத்தெருவாகப் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சத்துதித்தா என்று இலவசமாகச் சோறு போடுவார்கள். எங்கள் தீபாவளியானாலும் கமரு வீட்டுப் பெருநாளானாலும் கதவைச் சாத்தி வைக்கிற வீடு கிடையாது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கொண்டாடுவதும் ஒரு பண்டிகைதான் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. 'இன்று யாரும் உங்களைப் பசியோடு திருப்பி அனுப்ப மாட்டார்கள்' என்று அவள் எழுதினாள். அவர் நன்றி சொன்னார்.

ஒன்பது மணிக்குக் கரண்டு போய்விட்டது. கரண்டை இங்கே 'மீ' என்போம், அது தினமும் போவதுதான். கொஞ்ச நேரத்தில் போன் கோபுரமும் படுத்துவிட்டது. நான் என் வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினேன்.

காலை ஐந்து மணிக்கு அவள் என் கதவைத் தட்டினாள். "அக்கா, மீ வந்துருச்சு, போனைப் பாருங்க" என்று கையை நீட்டினாள். ஜெர்மன் எனக்குத் தெரியாது என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. பிறகு அவளே படித்தாள்.

'முதல் கடை மூடியிருக்கிறது.' 'இரண்டாவதும்.' 'ஊசி போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.' 'மூன்றாவது கடை வாசலில் நிற்கிறேன். இதுவும் மூடித்தான் இருக்கிறது. லேனா, வேறு இடம் உண்டா?' 'லேனா?' 'கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன்.'

அதோடு நின்றிருந்தது. அது வந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

சாப்பிட்டீர்களா, எங்கே இருக்கிறீர்கள் என்று மாற்றி மாற்றி எழுதினாள். பதில் இல்லை. நிறுவனத்தைக் கூப்பிட்டாள். விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. அவருடைய போன் எண்ணை இவர்களுக்குக் காட்டுவதில்லை. வியன்னா போலீசின் எண்ணைத் தேடி எடுத்தாள், இங்கிருந்து அந்த எண்ணுக்கு இணைப்பே கிடைக்கவில்லை. நான் இட்லி கொண்டுபோய் வைத்தேன். அப்படியே இருந்தது. "அந்த ஊர்க்காரங்க கதவைச் சாத்திக்கிட்டதுக்கு நீ என்னடி செய்வ?" என்று சத்தம் போட்டுப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அந்த மனிதருக்குச் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தவள் இவள். இவள் சொன்னபோது தலையாட்டியவள் நான்.

இரண்டாம் நாள் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். என் பெயர் லேனா இல்லை, கமருன்னிசா. நான் யாங்கோனில் இருக்கிறேன். வியன்னாவை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கடைகளில் ஒன்றில்கூட நான் சாப்பிட்டதில்லை. இதைச் சொல்லித் தன் சொந்த எண்ணையும் கடைசியில் எழுதினாள்.

"வேலை போயிரும்டி" என்றேன்.

"போகட்டும்க்கா. மொதல்ல அவர் உசுரோட இருக்காரான்னு தெரியணும்."

மறுநாளே நிறுவனம் அவள் கணக்கை மூடியது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. ஐந்து வேளைத் தொழுகையிலும் அந்தப் பெரியவருக்காகத் துஆ கேட்டாள். நானும் போகும்போதும் வரும்போதும் காளியம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

ஒன்பதாம் நாள் அவள் சொந்த எண்ணுக்கே பதில் வந்தது. எனக்காக அவள் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். அவர் உயிரோடு இருந்தார். படியில் உட்கார்ந்தவர் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாயோடு நடந்துபோன ஒரு பெண் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். இனி கோல் இல்லாமல் நடக்க முடியாதாம். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

கடைசியில் இன்னும் சில வரிகள் இருந்தன. அவற்றை முதலில் தனக்குள் படித்தாள், பிறகு மெதுவாக எனக்குச் சொன்னாள்.

'மயக்கம் வருவதற்கு முன்பே நான் எழுந்து போயிருக்கலாம். இரண்டு தெரு தள்ளி ரயில் நிலையம் இருந்தது, அங்கே ஏதாவது கிடைத்திருக்கும். ஆனால் நீங்கள் பதில் எழுதாததால், கிளம்பி நேரிலேயே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதனால் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.'

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்க்கா" என்றாள். "நான் வருவேன்னு உக்காந்திருந்திருக்காரு."