போர்வை மூலையில் நீலத் துண்டு

கணவர் வீட்டில் பழைய துண்டுத்துணிப் போர்வை ஒன்று இருந்தது. ஓரங்கள் இற்றுப்போனதால், நானே திருத்தித் தைக்கிறேன் என்று வீராப்பாய்ச் சொல்லி, உப்புக்குளம் கடைத்தெருவில் நூலும் வாங்கி வந்தேன். எந்தத் துண்டு யாருடையது என்று எழுதி வைக்கவும் ஆசை. கணவரின் அம்மாவை, மாமியை, பக்கத்தில் இருத்திக் கேட்டேன்.

விரல் வைத்துச் சொன்னா. எல்லாம் ஆண்கள் போட்ட சட்டைத் துணி: தன் தகப்பனுடைய சேட், தன் அண்ணனுடைய சேட், தன் புருஷன், என் மாமாவுடைய சேட்.

"பொம்பிளையளின்ர துணி ஒண்டும் இல்லையே மாமி?"

"நாங்கள் கடலுக்குப் போறேல்லையே பிள்ளை. தொழிலுக்குப் போட்டுக்கொண்டு போற சேட்டில ஒரு துண்டு வெட்டி வச்சால்தான், உடம்பு கரையொதுங்கினா ஒப்பிட்டுப் பாக்கலாம். அண்ணனை அப்பிடித்தான் கண்டுபிடிச்சனாங்கள். முகம் இருக்கேல்லை."

போர்வையை மடிக்கப் போனபோது, மூலையில் நிறம் மங்காத நீலக்கோடு போட்ட துண்டொன்று கண்ணில் பட்டது. போன கிழமை கணவரின் சேட்டில் உள்மடிப்பில் ஒரு துண்டைக் காணவில்லை, எலி கடித்துவிட்டது என்று எலியைத் திட்டித் தீர்த்தவள் நான்.

அந்தச் சேட்டோடுதான் அவர் விடிய வெள்ளன கடலுக்குப் போயிருந்தார். வெளியே கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்று கிளம்பியிருந்தது. மாமி போர்வையை வாங்கி, அந்தத் துண்டின் தையல் உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தா.