படபடக்காத நெஞ்சு

முதல் தடவை பார்த்தபோது அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு ஜோடிச் செருப்பை மடியில் வைத்திருந்தார். கால் வீங்கியிருந்ததால் செருப்பு நுழையவில்லை. திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர், நாற்பது வயது. பதினைந்து வருஷம் கல்லின் முன்னால் நின்றவர், கடைசி இரண்டு மாதம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தோசை ஊற்றியிருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

நான் அதே ஊரில் இதயமாற்று சிகிச்சை வார்டில் நர்ஸ். பிறந்ததும் இங்கேதான், ஆரியசாலையில், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாம் மலையாளம். தமிழ்க்காரர் யாராவது வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு மலையாளம் நன்றாகவே வரும். ஆனால் பயந்துவிட்டால் திருநெல்வேலித் தமிழ் மட்டும்தான். இதயத் தசை தளர்ந்துவிட்டது, மருந்தால் இனி ஆகாது, வேறு இதயம் வைப்பதுதான் வழி என்று டாக்டர் சொல்லி முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பி, "அவ்வளவுக்கா கெட்டுப் போச்சு?" என்றார். நான் தலையாட்டினேன்.

மனைவி அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள். ஆறு வயதுப் பெண்குழந்தையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கேட்டுக்கொள்வாள், பிறகு மறக்க மாட்டாள்.

காத்திருப்பவருக்குச் செய்யும் பணிவிடையில் பாதி, வேண்டாம் என்று சொல்வதுதான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கிடையாது. காலை ஆறு மணிக்கு எடை பார்ப்போம், சிறுநீரை அளப்போம். கழுத்து ரத்தக்குழாய் வழியாக மருந்து இருபத்துநான்கு மணி நேரமும் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த மருந்து நின்றால் இதயமும் நின்றுவிடும் என்ற நிலை. அதைச் செலுத்தும் பம்பின் பேட்டரி குறைந்து அது ஒரு தடவை கத்தினாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அது மழைக்காலம். அவருடைய ஜன்னலுக்குக் கீழே ரோடு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். ஒரு நாள் நான் பல் தேய்க்க உதவிக்கொண்டிருந்தபோது வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "மழை பெஞ்சா பைக்கு சறுக்கும்னு நினைக்கேன் சிஸ்டர். நினைக்கக் கூடாதுன்னுதான் பாக்கேன். அதுக்குள்ள நினைச்சிருதேன்."

விபத்தில் யாராவது போனால்தான் அவருக்கு இதயம் கிடைக்கும். அந்த வார்டில் எல்லோரும் அப்படி நினைத்தவர்கள்தான். வாய் திறந்து சொன்னவர் அவர் ஒருவர்.

ஏழாவது வாரம் ஒரு நாள் மத்தியானம் அழைப்பு வந்தது. இன்னொரு ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம். நெஞ்சிலிருந்து தொடை வரை மயிர் மழித்து, கிருமிநாசினி சோப்பால் குளிப்பாட்டி, பச்சை உடுப்பு மாட்டினோம். மனைவி, தாலிகட்டிய நாளிலிருந்து அவர் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை டிராலியைத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே போன் வந்தது. அந்த இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதாம், சரிவராது. அதே டிராலியை அதே வழியில் திருப்பித் தள்ளினேன். லிப்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். அன்றைய அளவு ஏற்கெனவே முடிந்திருந்தது. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, இரண்டாவது அழைப்பு. இந்தத் தடவை மனைவி மோதிரத்தைக் கழற்றவே விடவில்லை. "போன தடவ கழத்தினதுதான் தப்பாப் போச்சு," என்றாள். தியேட்டர் வாசலில் நான் சோப்புத் தடவி அதை உருவி எடுத்தபோது வெறுப்போடு என்னைப் பார்த்தாள். சாயங்காலம் புது இதயத்தோடு அவர் தனி அறைக்கு வந்தார். நெஞ்சில் மூன்று குழாய், வாயில் ஒன்று, கழுத்தில் ஒன்று. மானிட்டரில் இதயத் துடிப்பு நூற்றிரண்டு, நூற்றொன்று, நூற்றிரண்டு என்று எண் சீராக ஓடியது. ஒவ்வொரு மணி நேரமும் குழாயில் வடியும் ரத்தத்தைக் குறித்தேன். வடிவது சட்டென்று நின்றால் அதுவும் ஆபத்து. உள்ளே தேங்குகிறதென்று அர்த்தம்.

ஆறாவது நாள் காலை, பக்கத்து அறையிலிருந்த நோயாளிக்கு உயிர் போயிற்று. ஓட்டமும் சத்தமுமாக இருந்தது. யாரோ ஒரு பெண் கண்ணாடிக் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நான் கவுன் மாற்றிக்கொண்டு உள்ளே போனபோது அவர் விறைத்துப்போய்ப் படுத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. மானிட்டரில் தொண்ணூற்றெட்டு. அசையவில்லை.

"சிஸ்டர், எனக்குப் பயமா இருக்கு. ஆனா நெஞ்சு படபடக்கல."

"அது அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

"பயந்தா படபடக்கணும்லா? இது யாரோ பக்கத்துல நிக்குத மாரி இருக்கு. நான் பயந்தா அதுக்கு ஒண்ணும் தெரியல."

மாற்றி வைக்கும்போது ரத்தக்குழாய்களைத் தைக்கிறார்கள், நரம்புகளைத் தைக்க முடியாது என்று விளக்கினேன். பயம் அங்கே உடனே போய்ச் சேராது. அங்கே ஏதாவது கோளாறு வந்தாலும் வலியாக இவருக்குத் தெரியாமல் போகலாம். இதை மறைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. மனைவி முகக்கவசத்துடன் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உள்ள கெட்டுப் போனா எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

அதற்குத்தான் இந்த நோட்டு என்று ஒன்றை அவளிடம் கொடுத்தேன். தினமும் எடை, காய்ச்சல், ரத்த அழுத்தம். உடம்பு புது இதயத்தை ஏற்காவிட்டால் முதலில் நீர் தேங்கி எடை ஏறும். இரண்டு நாளில் ஒரு கிலோ ஏறினால் உடனே போன் செய்ய வேண்டும். மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு, தள்ளிப்போடக் கூடாது. பம்பளிமாஸ் பழம் தொடக் கூடாது, மருந்தின் அளவைக் குழப்பிவிடும். "மனசிலாச்சா, புரிஞ்சுதா?" என்று கேட்டேன். அவள் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி அறை எடுத்துத் தங்கினார்கள். வாராவாரம் கழுத்து வழியாகக் கம்பி விட்டு இதயத்தின் ஒரு துணுக்கை எடுத்து, உடம்பு அதை ஏற்கிறதா என்று பார்ப்போம். அவருக்கு அது பெரிய வாதை. மூன்றாவது தடவை கழுத்து கறுத்து வீங்கிவிட்டது. அன்று வராந்தாவில் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எப்ப ஊருக்கு விடுவாங்க? பிள்ளை போன்ல பேச மாட்டேங்கு. கோவிச்சுக்கிட்டா."

எனக்கு அவசரம். உள்ளே ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. நடந்துகொண்டே மலையாளம் கலந்து சொன்னேன்: "நோட்டுல எல்லாம் செரியா இருந்தா வேகம் ஊருக்குப் போகலாம், கேட்டோ."

அதற்குப் பிறகு நோட்டு சரியாகவே இருந்தது. எடை ஐம்பத்துநான்கு. ஐம்பத்துநான்கு புள்ளி ஒன்று. மறுபடி ஐம்பத்துநான்கு. பரிசோதனையும் நன்றாக இருந்ததால் டாக்டர், இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார். தினமும் காலையில் நான் போன் செய்வேன், அவள் எண்களைப் படிப்பாள். அந்த எண்கள் எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. மனித உடம்பு அப்படி ஒரே இடத்தில் நிற்காது. ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை அவள் படித்து முடித்ததும், "அவர்கிட்ட குடுங்க," என்றேன்.

"நல்லா... இருக்கேன்... சிஸ்டர்," என்றார் அவர். மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு.

"தலைக்கு எத்தனை தலையணை வைக்கறீங்க?"

"ஒண்ணுதான்க்கா," என்று பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"மூணு," என்றார் அவர். படுத்தால் மறுபடி மூச்சு முட்டுகிறது.

பொறுப்பு டாக்டரிடம் சொல்லிவிட்டு அவர்கள் அறைக்கு நடந்தே போனேன். ஓடக்கூட இல்லை, ஓடினால் நான் நினைப்பது உண்மையாகிவிடும் போலிருந்தது. அவர் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது, நிரம்பவே இல்லை. கைத்தாங்கலாகப் பிடித்து எடை மெஷினில் ஏற்றினேன். ஐம்பத்தேழு புள்ளி இரண்டு.

மேஜைமேல் நோட்டு இருந்தது. இன்றைய தேதிக்கு நேரே ஐம்பத்துநான்கு. அதற்குக் கீழே நாளைய தேதியும், அதற்கு ஐம்பத்துநான்கு புள்ளி ஒன்றும் எழுதியிருந்தது. அடுத்த பரிசோதனை நாள் வரைக்கும் எழுதி முடித்திருந்தது.

"இது என்ன?" என்றேன்.

அவள் அழவில்லை. "நீங்கதானக்கா சொன்னீங்க. செரியா இருந்தா போகலாம்னு."

"அவளை ஏசாதீங்க சிஸ்டர்," என்றார் அவர், மூச்சு வாங்க. "நான்தான்... எழுதச் சொன்னேன். கழுத்துல இன்னொரு தடவ... முடியாது."

"இல்ல, நானாத்தான் எழுதினேன்," என்றாள் அவள். யார் சொல்வது நிஜம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு இதயத்தைக் கடுமையாக எதிர்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் ஊசியில் ஸ்டீராய்டு ஏற்றினோம். பழைய மருந்துப் பம்பு மறுபடி வந்து கட்டிலருகே நின்றது. ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே போனது. கட்டிலில் மாட்டிய, சிறுநீர் சேரும் பை காலியாகவே தொங்கியது. ஷிப்ட் முடிந்தும் நான் வீட்டுக்குப் போக மனமில்லாமல் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மானிட்டர் மட்டும் எப்போதும்போல நூறைக் காட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு ஆபத்திலும் அந்த எண்ணுக்கு ஒரு பதற்றமும் இல்லை. அதை அணைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

வராந்தாவில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் அப்படிச் சொன்னது தப்பு," என்றேன். "நோட்டு உங்களை ஊருக்கு அனுப்பறதுக்கு இல்ல. அவரைக் காப்பாத்தறதுக்கு. அதைத்தான் நான் சொல்லியிருக்கணும்."

"ஒரு கிலோ கூடினப்பவே தெரிஞ்சுதுக்கா," என்றாள் அவள். "நாளைக்குக் குறைஞ்சிரும்னு நினைச்சேன். அப்புறம் சொல்லப் பயம். பிந்திச் சொன்னா ஏசுவீங்கல்லா?"

நான்காவது நாள் மத்தியானம் பையில் சிறுநீர் இறங்க ஆரம்பித்தது. டாக்டர் அவர் தோளைத் தட்டி, "பேடிக்கண்டா, வந்நு," என்றார். பயப்படாதே, வந்துவிட்டது. அவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார், பல நாளுக்குப் பிறகு மல்லாந்து.

அன்று அவசரத்தில் நான் அவளிடம் சொன்ன வார்த்தையை டாக்டரிடமும் சொன்னேன். "எல்லாருந்தான் அப்படிச் சொல்றோம்," என்றார் அவர். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

நான்கு மாதம் கழித்து ஊருக்குப் போனார்கள். மகள் முதலில் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லையாம், ஸ்டீராய்டால் முகம் உப்பியிருந்தது. மாவாட்டும் வேலையும் அனல் முன் நிற்பதும் இனி கூடாது. இப்போது வீட்டு வாசலில் மனைவி இட்லிக்கடை போட்டிருக்கிறாள், அவர் முகக்கவசத்துடன் பார்சல் கட்டிக் கொடுக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வருகிறார்கள்.

போன தடவை ரத்தக்குழாய்ப் படம் எடுத்தார்கள். புது இதயத்தின் குழாய் ஒன்றில் லேசான குறுகல். இவருக்கு வலி தெரியாது என்பதால் படத்தில்தான் தெரிந்தது. மெல்லப் போகலாம், வேகமாகவும் போகலாம், இப்போதைக்கு மருந்து, பிறகு பார்ப்போம் என்றார் டாக்டர். அவள் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, "உள்ளதைச் சொல்லுங்கக்கா," என்றாள். குறுகல் திரும்பச் சரியாகாது, கூடினால் இந்த இதயமும் நின்றுபோகலாம் என்று நானும் உள்ளதைச் சொன்னேன், அவசரப்படாமல். எப்போதும்போல இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, நாகர்கோவில் பஸ் நாலேகாலுக்கு, விட்டால் மகள் ராத்திரி தனியாக இருப்பாள் என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த அவரை எழுப்பப் போனாள்.