பிடியரிசிச் சோறு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அந்த நாளில் அதோடு பெருமையும் சேர்ந்திருந்தது.

உலகச் சண்டை நடந்த காலம். பர்மா அரிசி வருவது நின்று, கடையில் எதற்கும் கூப்பன் என்றாகிவிட்டது. நாசரேத்தில் படித்து, ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு, நான் தூத்துக்குடியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குருவானவர் ஒரு செய்தி சொன்னார். ரங்கூனிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணுக்குத் தங்க இடமில்லை. புருஷன் அவளை மட்டும் கப்பலேற்றிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். குருவானவர் வாய் மூடுமுன், "எங்க வீட்டுக்கு வரட்டும்" என்று எழுந்து நின்றேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்கு இனித்தது, ஒளிப்பானேன்.

வந்தவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டேன். அவளோ என்னை 'அம்மா' என்றாள். ஐந்து மாதம் எங்கள் பின்கட்டு அறையில் இருந்தாள். அம்மி பக்கம் வந்தால் விரட்டுவேன். விளக்குமாற்றைத் தொட்டால் பிடுங்குவேன். "நீங்க சும்மா இருங்கக்கா" என்பேன். அவள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பாள். எனக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. என்ன புத்தியோ!

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி என்று ஒரு பழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்போம். மாதக் கடைசியில் அது கோயில் மூலம் ஏழைகளுக்குப் போகும். ரேஷன் அரிசியில் இன்னொரு வயிற்றுக்கு எங்கே போவது? அந்தப் பானையிலிருந்தே அக்காவுக்கு அளந்து போட்டேன். கோயிலுக்குப் போனாலும் ஏழைக்குத்தானே, ஏழைதான் வீட்டிலேயே இருக்கிறாளே என்று கணக்காக நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

பிடியரிசி சேர்க்க வந்த சபைப் பெண்களிடம் ஒரு நாள் வாசலில் நின்று, கூசாமல் சொன்னேன்: "இந்த மாசமும் இல்ல. பிடியரிசி பூராவும் இவங்களுக்கே சரியாப் போச்சு."

அக்கா என் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பியபோது அவள் கை நின்றுபோயிருந்ததைக் கண்டேன். மறுநாள் காலை பின்கட்டு அறை கூட்டிப் பெருக்கியிருந்தது. பாய் சுருட்டி மூலையில் நின்றது. அவள் இல்லை.

"தர்மச் சோறுன்னு ஊரறியச் சொன்னா, எந்த மனுஷி இருப்பா?" என்றார் என் வீட்டுக்காரர். வேறு ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேம்பார் உப்பளத்தில் அவள் உப்புச் சுமப்பதாகப் பத்து நாள் கழித்துத் தெரிந்தது. பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ்ஸைக் காலையிலேயே பிடித்தேன். மேடு வந்தால் அது மூச்சுவாங்கி நிற்கும், நாங்கள் இறங்கித் தள்ளுவோம். எப்படியாவது அவளைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவது என்று போனேன்.

உச்சிவேளை. ஓலைக் குடிசை வாசலில் காலில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "வாங்க. சாப்பிடுங்க" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். சட்டியில் ஒரு ஆளுக்கே காணாத கேப்பைக் களி. "இல்லக்கா, சாப்பிட்டுட்டுத்தான் வாரேன்" என்று வாய் தானாகச் சொன்னது.

"கரி பஸ்ஸத் தள்ளிக்கிட்டு வந்தவ எங்கன சாப்பிட்ட?" அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "உன் வீட்டுல அஞ்சு மாசம் நீ போட்டதத் தின்னேன். ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னேனா? என் வீட்டுச் சோறு மட்டும் உனக்கு இறங்காதோ?"

"தப்புத்தான்க்கா. மன்னிச்சிருங்க. வீட்டுக்கு வாங்க." அழுதேவிட்டேன்.

"அதெல்லாம் அப்புறம். கையக் கழுவு, ஏளா." இத்தனை நாள் 'அம்மா' என்றவள், தங்கையை அதட்டுவதுபோல 'ஏளா' என்றாள்.

களியைச் சரிபாதியாக உருட்டினாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். பிறகு கண்ணை மூடி ஜெபித்தாள். "ஆண்டவரே, பசியோட வந்தவளுக்குக் குடுக்க எனக்கும் ஒரு வீட்டத் தந்தீரே, ஸ்தோத்திரம்."

ஆமென் என்று தட்டில் கை வைத்தேன். அள்ளி அள்ளித் தின்றேன். அப்படி ஒரு பசி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு இருந்ததில்லை.

தட்டைத் துடைத்துவிட்டு அவள் பங்கைப் பார்த்தேன். அதில் இன்னும் பாதி இருந்தது. வெட்கத்தை விட்டுத் தட்டை நீட்டினேன். "அக்கா, இன்னும் கொஞ்சம் வைங்க."

அவள் சிரித்தாள். ஐந்து மாதம் என் வீட்டில் ஒரு நாளும் சிரிக்காதவள், தன் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.